மூடிக் கிடக்கும் மில் நிலத்தில் என்ன வரட்டும்? கையெழுத்துப் போடும் முன் படிக்க ஒரு ஒப்பீடு

கோவையில் எங்கள் தெருவுக்கு அடுத்தடுத்து மூன்று மனுக்கள் வந்துவிட்டன. மூடிக் கிடக்கும் பஞ்சு மில்லைத் திறக்கச் சொல்லி ஒன்று, அந்த இடத்தில் ஐடி பார்க் கேட்டு ஒன்று, நிலத்தை ஏலம் விட்டு அந்தப் பணத்தில் ரோடும் சாக்கடையும் போடச் சொல்லி இன்னொன்று. பக்கத்து வீட்டு அக்கா மூன்றிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, "நான் போட்டது சரிதானா தம்பி?" என்று கேட்டார். அவர் மட்டுமில்லை, சிங்காநல்லூர், ஒண்டிப்புதூர், ராமநாதபுரம் பக்கம் தெரிந்தவர்கள் யாரைப் பார்த்தாலும் இதே கேள்விதான். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்து, எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

கொஞ்சம் பின்கதை, தெரியாதவர்களுக்காக. கோயம்புத்தூரின் முதல் பெரிய நூற்பாலை 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கியது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் அவிநாசி ரோட்டிலும் திருச்சி ரோட்டிலும் மில் மேல் மில்லாக எழும்பின. நொடித்துப்போன மில்களை 1974இல் மத்திய அரசு சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு தேசிய பஞ்சாலைக் கழகத்திடம் கொடுத்தது. 2020 மார்ச் ஊரடங்கில் அந்தக் கழகத்தின் 23 மில்களும் நின்றன. தமிழ்நாட்டில் ஏழு, அதில் ஐந்து நம் கோவையில். சங்கு ஊதுவது நின்றது அன்றைக்குத்தான்.

நிலம் மத்திய அரசு நிறுவனத்தினுடையது. அதனால் மாநில அரசுக்கு இதில் வேலை இல்லை என்று சிலர் சொல்கிறார்கள், அது சரியில்லை. அந்த நிலத்தில் என்ன கட்டலாம், தொழிலா வீடா கடையா என்பதை 1971ஆம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி தீர்மானிப்பது மாநில அரசு. தண்ணீர், ரோடு, மின் இணைப்பு எல்லாம் இங்கிருந்துதான் போக வேண்டும். வகைப்பாட்டை மாற்றிக் கொடுக்காமல் அந்த நிலத்துக்கு விலையே ஏறாது. பேரம் பேசுகிற பலம் நம் பக்கம் நிறையவே இருக்கிறது.

## எதை வைத்து அளப்பது

என் அப்பா ஸ்பின்னிங்கில் சைடர், அதாவது நூற்பு மெஷினைப் பார்த்துக்கொள்ளும் தொழிலாளி. பதிலியாகச் சேர்ந்து, நிரந்தரமாகி, 27 வருஷம். லைன் வீட்டில் இரண்டு அறை. அதில் மூன்று பிள்ளைகள் படித்தோம். சம்பளம் பெரிதில்லை, ஆனால் தேதி தவறாது. காய்ச்சல் என்றால் இ.எஸ்.ஐ. மருந்து, அக்கா கல்யாணத்துக்குப் பி.எஃப். கடன், தீபாவளிக்கு போனஸ். "மில்லுக்காரர் வீடு" என்றால் மளிகைக் கடையில் யோசிக்காமல் நோட்டில் எழுதிக்கொண்டு சாமான் கொடுப்பார்கள். எங்களை நடுத்தரக் குடும்பமாக வைத்திருந்தது அந்த நம்பிக்கைதான், சம்பளத்தின் அளவு இல்லை. மில் நின்றபோது இந்த ஊர் இழந்ததும் அதைத்தான்.

ஆகவே என் அளவுகோல்கள் நாலு:

- பி.எஃப்., இ.எஸ்.ஐ.யோடு மாதச் சம்பளம் தரும் வேலை வருமா? வந்தால் யாருக்கு, 45 வயது ஆளுக்கா, அவர் பிள்ளைக்கா?
- சுற்றியிருக்கும் குடும்பங்களின் வாடகை, பள்ளிக் கட்டணம், போக்குவரத்துச் செலவு ஏறுமா இறங்குமா?
- எத்தனை வருஷம் காத்திருக்க வேண்டும், அதுவரை யார் பணம் செலவாகும்?
- தப்பாகப் போய்விட்டால் திரும்பி வர வழி உண்டா?

நாலாவதற்கு நான் மற்ற மூன்றையும் விடக் கூடுதல் எடை கொடுக்கிறேன். ஏன் என்பது போகப் போகப் புரியும்.

## ஒன்று: மில்லையே மறுபடி ஓட்டுவது

மனசு சொல்வது இதைத்தான். இதில் கிடைக்கிற நன்மை மற்ற எதிலும் இல்லை: பழைய தொழிலாளிக்கு அடுத்த மாதமே முழுச் சம்பளம். 2020இலிருந்து பாதிச் சம்பளத்தில், அதுவும் தள்ளித் தள்ளி வாங்கி, ஓய்வு வயதை நெருங்கிவிட்டவர்களுக்குப் புதுத் தொழில் கற்றுக்கொள் என்று சொல்வது கொடுமை.

ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும். நூற்பாலையில் பாதிக்கு மேல் செலவு பஞ்சு. பஞ்சு குஜராத், மகாராஷ்டிரம், தெலங்கானாவிலிருந்து லாரியில் வர வேண்டும். 2022 மே மாதம் ஒரு கேண்டி, அதாவது 356 கிலோ பஞ்சு, லட்சம் ரூபாயைத் தாண்டியது. சொந்தமாகக் காற்றாலை வைத்திருக்கும் தனியார் மில்களே அப்போது ஷிப்ட்டைக் குறைத்தன. நகரத்துக்கு நடுவில், பழைய இயந்திரங்களோடு, கொள்முதல் முடிவு ஒவ்வொன்றுக்கும் டெல்லியைக் கேட்க வேண்டிய ஒரு மில், திண்டுக்கல், உடுமலைப் பக்கத்து மில்களோடு விலையில் மோத முடியுமா? எனக்கு நம்பிக்கை இல்லை.

மறைந்திருக்கும் செலவு இன்னொன்று உண்டு. பிற்பாடு தனியார் மில்கள் பலவற்றில் விடுதியில் தங்கவைத்து, கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருகிறோம் என்று சொல்லி இளம்பெண்களை வேலைக்கு எடுத்த கதை நமக்குத் தெரியும். மில் திறந்தால் போதும் என்று மட்டும் கேட்டால், குத்தகைக்காரர் ஒருவர் வந்து அதே முறையில் ஓட்டுவார். கேட் திறந்திருக்கும், சங்கும் ஊதும், ஆனால் அப்பாவுக்குக் கிடைத்த வேலை யாருக்கும் கிடைக்காது.

எங்கே இது சரி? பரமக்குடி பக்கம் கமுதக்குடி மில், காளையார்கோவில் மில் இருக்கின்றனவே, அங்கே சரி. சுற்றுவட்டாரத்தில் அந்த மில்லை விட்டால் மாதச் சம்பளத்துக்கு வேறு போக்கிடம் இல்லை. நிலத்தை விற்றாலும் பெரிய விலை வராது. அரசு நஷ்டம் தாங்கியாவது ஓட்டத் தகுந்த மில் அவைதான். கோவைக்கு அந்த நியாயம் பொருந்தாது.

## இரண்டு: ஏலம் விட்டு அடுக்குமாடியும் மாலும்

கேட்க நன்றாக இருக்கும். சென்ட் விலையைச் சொன்னாலே தலை சுற்றுகிற இடத்தில் புதர் மண்டிக் கிடக்கிறது, விற்றால் கோடிக் கோடியாகப் பணம், அந்தப் பணத்தில் ஊருக்கு எல்லாம் செய்யலாம். இந்த வழியில் நமக்கு முன்னால் போன ஊர் மும்பை. அங்கே நடந்ததை ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.

1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகு மும்பை மில்கள் ஒவ்வொன்றாகப் படுத்தன. சுமார் 600 ஏக்கர், நகரத்தின் வயிற்றுப் பகுதியில். 1991இல் மகாராஷ்டிர அரசு ஒரு நல்ல விதி போட்டது: மில் நிலத்தை மாற்றிக் கட்டினால் மூன்றில் ஒரு பங்கு பூங்காவுக்கும் மைதானத்துக்கும் மாநகராட்சிக்கு, ஒரு பங்கு சாதாரண மக்களுக்கு வீடு கட்ட வீட்டு வசதி வாரியத்துக்கு, மீதி ஒரு பங்கு உரிமையாளருக்கு. கணக்கு நேர்மையானதுதான். ஆனால் 2001இல் அந்த விதியைத் திருத்தினார்கள். மொத்த நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு என்பது, கட்டடம் இல்லாமல் காலியாகக் கிடக்கும் நிலத்தில் மட்டும் மூன்றில் ஒரு பங்கு என்று ஆயிற்று. மில் என்றாலே நிலம் முழுக்கக் கட்டடம்தானே. பூங்காவும் ஏழை வீடும் துண்டு துக்கடாவாகச் சுருங்கின. வழக்குப் போட்டார்கள், 2006இல் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்றது.

2005இல் தேசிய பஞ்சாலைக் கழகம் மும்பையில் ஐந்து மில் நிலங்களை ஏலம் விட்டது. ஏறக்குறைய 2,000 கோடி ரூபாய் வந்தது. அப்படி விற்ற பணத்தில் மிச்ச மில்களை நவீனமாக்கி ஓட்டுவதுதான் திட்டம். அந்த மிச்ச மில்கள்தான் 2020 மார்ச்சிலிருந்து நிற்கும் 23. நிலமும் போய்விட்டது, மில்லும் நின்றுவிட்டது. நிலத்தை விற்ற பணத்தில் ஊருக்கு நல்லது செய்வோம் என்று யார் சொன்னாலும் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

தொழிலாளிக்கு என்ன கிடைத்தது? 2012இல் குலுக்கல் முறையில் 6,925 வீடு, ஒவ்வொன்றும் 225 சதுர அடி. விண்ணப்பித்தவர்கள் லட்சத்துக்கு மேல்.

அப்புறம், யாரும் மனுவில் எழுதாத செலவு. மில் இருந்த லோயர் பரேல், எல்பின்ஸ்டன் ரோடு பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள் வந்தன, ஆயிரக்கணக்கில் ஆபீஸ் வேலை வந்தது. ரயில் நிலையமும் நடைமேம்பாலமும் மட்டும் மில் காலத்து அளவிலேயே இருந்தன. 2017 செப்டம்பர் 29 காலை, மழைக்கு ஒதுங்கிய கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு அந்தப் பாலத்தில் 23 பேர் செத்தார்கள். நம் ஊரில் மழை நாளில் சிங்காநல்லூர் சிக்னலில் நின்று பார்த்தவர்களுக்கு நான் என்ன சொல்கிறேன் என்று தெரியும்.

சென்னைக்காரர்களுக்குப் பெரம்பூர் பின்னி மில். 1918இல் நாட்டின் முதல் தொழிற்சங்கங்களில் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது அந்த மில் ஆட்களால். 1996இல் மூடினார்கள், ரொம்ப வருஷம் சினிமாச் சண்டை எடுக்கும் இடமாகக் கிடந்தது, இப்போது அடுக்குமாடியும் கடைகளும். அங்கே வேலை பார்த்த குடும்பம் எதுவும் அந்த அடுக்குமாடியை வாடகைக்குக்கூட எட்ட முடியாது.

எங்கே இது சரி? நிலம் சின்னதாக, நாலைந்து ஏக்கராக, குடியிருப்புக்கு நடுவே மாட்டிக்கொண்டு, தொழிலுக்கே உதவாது என்றால் வீடு கட்டலாம். அப்போதும் வீட்டு வசதி வாரியம் வழியாக, வாடகை வீடாக. திறந்த ஏலம் கூடாது.

## மூன்று: ஒரு பெரிய கம்பெனி, அல்லது ஐடி பார்க்

என் தம்பி வேலை பார்ப்பது விளாங்குறிச்சியில் இருக்கும் அரசின் ஐடி வளாகமான டைடல் பார்க்கில், ஆகவே இந்த வழியை நான் குறைத்துப் பேச மாட்டேன். 2010இல் அது திறந்தபோது கோவைக்கு இவ்வளவு கம்பெனி வருமா என்று கேட்டவர்கள் நிறைய. 2024 நவம்பரில் பக்கத்திலேயே இன்னொரு அரசு ஐடி கட்டடமும் திறந்தாகிவிட்டது. விழுப்புரம், தஞ்சாவூர், சேலத்தில் மினி டைடல்கள் வந்துவிட்டன. படித்த பிள்ளைகள் பெங்களூருக்கும் சென்னைக்கும் போய் வாடகைக்கே சம்பாதிக்கிற நிலை மாறுவது நடுத்தரக் குடும்பத்துக்குப் பெரிய விஷயம்தான். பிள்ளை வீட்டிலிருந்தே வேலைக்குப் போனால் மாதம் பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் மிச்சம், அப்பா அம்மாவுக்கு ஆள் துணை.

விலை என்ன? ஐடி கம்பெனிகள் இருக்கும் சரவணம்பட்டிப் பக்கம் வாடகை எங்கே போய் நிற்கிறது என்று கேட்டுப் பாருங்கள். ஐடி சம்பளத்துக்காரர் கொடுக்கிற வாடகையைப் பட்டறைச் சம்பளத்துக்காரரும் கொடுத்தாக வேண்டும். 45 வயதுச் சைடருக்கு இங்கே கிடைப்பது செக்யூரிட்டி வேலை, ஹவுஸ்கீப்பிங் வேலை. அதுவும் ஒப்பந்தத்தில்.

பெரிய கம்பெனி ஒன்றையே நம்புவது பற்றி ஜெர்மனியில் போஹும் (Bochum) என்ற ஊரைச் சொல்ல வேண்டும். நிலக்கரி ஊர். சுரங்கங்கள் மூடத் தொடங்கியதும் பழைய சுரங்க நிலத்தில் ஓப்பல் கார் ஆலையைக் கொண்டு வந்தார்கள், 1962இல். ஒரு காலத்தில் அங்கே 20,000 பேர் வேலை செய்தார்கள். 2014 டிசம்பரில் மூடிவிட்டார்கள். அதற்கு முன்பே 2008இல் அதே ஊரில் நோக்கியா ஆலையை ருமேனியாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கொடுத்த மானியத்தைத் திருப்பிக் கொடு என்று மாநில அரசு சண்டை போட வேண்டியதாயிற்று. நோக்கியா என்றதும் நமக்கு ஸ்ரீபெரும்புதூர் ஞாபகம் வரும். 2006இல் வந்து, எட்டாயிரம் பேருக்கு வேலை கொடுத்து, 2014 நவம்பர் 1ஆம் தேதி நின்ற ஆலை.

அதே போஹும் நகரில் 1965இல் ஒரு பல்கலைக்கழகம் தொடங்கினார்கள். ரூர் சுரங்கப் பகுதி முழுமைக்கும் அதுதான் முதல் பல்கலைக்கழகம். இன்றைக்கும் அங்கே 40,000 மாணவர்கள் அளவில் படிக்கிறார்கள். ஓப்பல் போன நிலத்தில் இப்போது ஆராய்ச்சிக் கூடங்களும் புது நிறுவனங்களும் வந்திருக்கின்றன என்றால், பல்கலைக்கழகம் பக்கத்தில் இருப்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். கார் ஆலையும் செல்போன் ஆலையும் லாபம் தேடி வேறு இடம் போய்விட்டன. பல்கலைக்கழகம் ஊரை விட்டுப் போகவில்லை.

எங்கே இது சரி? மதுரை மாதிரி, கல்லூரி நிறைய, பட்டதாரிகள் நிறைய, ஆனால் வேலை கொடுக்கத் தொழில் இல்லாத ஊருக்கு. ஹார்வி மில் காலத்தில் ஊரையே தாங்கிய நூல் தொழில் சுருங்கியபின் மதுரைக்கு அப்படி ஒன்று வரவே இல்லை. அங்கே ஐடி பார்க் கேட்டு மனு வந்தால் நான் முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுவேன். கோவையில் ஐடிக்குத் தனியார் கட்டடங்களே வரிசையாக எழும்புகின்றன. அரசு நிலத்தை அதற்காகச் செலவழிக்க அவசியம் இல்லை.

## நான்கு: பயிற்சிக் கூடமும் பட்டறைக் கூடமும்

மனுக்களில் யாரும் கேட்காதது இது. எனக்கு இதில்தான் பிடிப்பு.

கோவையின் பிழைப்பே இப்படித்தான் வளர்ந்தது. மில் இயந்திரம் பழுதானால் சீமைக்கு எழுதிப் போட்டுக் காத்திருக்க முடியாது என்று ஃபவுண்டரியும் லேத் பட்டறையும் வந்தன. அந்தக் கைகள்தான் பம்ப் செய்தன, வெட் கிரைண்டர் செய்தன, 1962இல் லட்சுமி மெஷின் வொர்க்ஸ் தொடங்கி நூற்பு இயந்திரத்தையே செய்தன. 1926இல் பீளமேட்டில் நான்கு சகோதரர்கள் சொத்துப் பிரித்தபோது ஐந்து பங்காகப் போட்டு, ஐந்தாவதைத் தர்மத்துக்கு வைத்தார்கள். அதுதான் பி.எஸ்.ஜி. அறநிலையம். அந்த ஐந்தாவது பங்கிலிருந்து வந்த தொழிற்பயிற்சியும் 1951இல் வந்த பொறியியல் கல்லூரியும் இந்த ஊருக்குக் கொடுத்ததை எந்த மில்லும் கொடுத்ததில்லை.

எங்கள் தெருக்கோடியில் நாலு லேத் போட்ட பட்டறை ஒன்று. ஒரு நாள் காலை டீக்குப் போனபோது பார்த்தேன், உரிமையாளர் கரண்ட் பில்லை மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு, ஜாப் ஆர்டர் நோட்டோடு வரி வரியாக ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். மூன்று மெஷின் நின்றிருந்தது. மெஷின் ஓடாத மாதத்துக்கும் நிலைக்கட்டணம் கட்டியாக வேண்டும். 2022 செப்டம்பரில் கட்டணம் ஏறியதிலிருந்து இந்தத் தொல்லை. 2023இல் கோவை முழுக்கக் குறுந்தொழில்காரர்கள் கதவடைப்பு நடத்தியதும் இதற்குத்தான். மேலே வாடகை, இடத்துக்காரர் எப்போது காலி பண்ணச் சொல்வாரோ என்ற பயம். அவரிடம் ஆறு பேர் வேலை செய்கிறார்கள். இவர் மாதிரி ஆயிரக்கணக்கானவர்கள் இந்த ஊரில்.

மில் நிலத்தில், மாநில அரசின் சிறுதொழில் வளர்ச்சிக் கழகமான சிட்கோ வழியாக அடுக்குமாடித் தொழிற்கூடம் கட்டி, சென்னையில் கிண்டி, அம்பத்தூர் பக்கம் கட்டியிருப்பதைப் போல, இவர்களுக்கு நீண்டகால வாடகைக்குக் கொடுக்கலாம். பழைய ஷெட் ஒன்றில் ஐடிஐ பயிற்சி, கணினி இயக்கும் சி.என்.சி. மெஷின், தர அளவீடு, மின்வாகன, பம்ப் மோட்டார் பழுது வரைக்கும். சைடராக இருந்து கண்ணும் விரலும் பழகிய ஆள், 45 வயதில் ஐடி கற்றுக்கொள்ள மாட்டார், தர சோதனை கற்றுக்கொள்வார்.

குறைகள்? மெதுவாக நடக்கும். அரசியல்வாதி ரிப்பன் வெட்டிப் படம் எடுக்க ஏற்ற பளபளப்பு இதில் இல்லை. முதல் நாலைந்து வருஷம் அரசுப் பணம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும், வரவு தெரியாது. சின்னப் பட்டறைகள் எல்லாமே பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டுவதில்லை என்பது உண்மை. வாடகை ஒப்பந்தத்திலேயே அதை நிபந்தனையாகப் போட்டால்தான் இந்த வழி என் முதல் அளவுகோலில் தேறும். போடாவிட்டால் தேறாது. மின்கட்டண நிலைத்தொகை குறையாமல் கூடம் மட்டும் கட்டினாலும் வீண்.

ஆனால் நாலாவது அளவுகோலைப் பாருங்கள். நிலம் பொதுச் சொத்தாகவே இருக்கும். முப்பது வருஷம் கழித்து வேறு காலம், வேறு தொழில் வந்தால் அதற்கு மாற்றிக்கொள்ளலாம்.

## "நிலம் எதற்கு, கையில் பணம் கொடுங்கள்"

இப்படியும் கேட்கிறார்கள், நியாயமான கேள்வி. 2023 செப்டம்பரிலிருந்து மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகை வருகிறது, பல வீட்டில் அது கேஸுக்கும் பாலுக்கும் ஆகிறது. ஆனால் வருஷ வருமானம் இரண்டரை லட்சத்துக்கு மேல் போனால், அல்லது மின்சாரம் வருஷத்துக்கு 3,600 யூனிட் தாண்டினால் கிடையாது. கணவர் பட்டறையில் 16,000, மனைவி துணிக்கடையில் 9,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு மூன்று லட்சம். கோடு தாண்டியாயிற்று. வாடகை, இரண்டு பிள்ளைகளின் கட்டணம், பைக் கடன் போக இவர்கள் கையில் என்ன மிஞ்சும்? ஏழைக்கான திட்டத்திலும் இல்லை, பணக்காரருக்கான வரிச்சலுகையிலும் இல்லை. ஓய்வு பெற்ற மில் தொழிலாளிக்குக் குறைந்தபட்ச இ.பி.எஃப். பென்ஷன் 2014இலிருந்து அதே ஆயிரம்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லோவெல், லாரன்ஸ், ஹோலியோக் என்று நம் ஊர் மாதிரியே பழைய மில் நகரங்கள் இருக்கின்றன. 2023 அக்டோபரில் அங்கே ஒரு வரிச் சட்டம் போட்டார்கள். குடும்பத்தைச் சார்ந்திருக்கும் பிள்ளை, வயதானவர் ஒவ்வொருவருக்கும் வருஷம் 440 டாலர், வருமான உச்சவரம்பு இல்லாமல். அதே சட்டத்தில், மில் நகரங்களில் நடுத்தரக் குடும்பம் குடிவரத் தகுந்த வீடு கட்டுபவர்களுக்கான சலுகையை வருஷம் 1 கோடி டாலரிலிருந்து 3 கோடிக்கு உயர்த்தினார்கள், முதல் வருஷம் மட்டும் 5.7 கோடி. ஊருக்கா குடும்பத்துக்கா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கவில்லை, இரண்டையும் ஒன்றாகச் செய்தார்கள். நம் அரசின் வருமானத்துக்கு அந்த அளவு முடியாது. ஆனால் கோட்டுக்கு ஒரு ரூபாய் மேலே போனதும் எல்லாம் நின்றுவிடுகிற முறையை மாற்ற, பெரிய பணம் தேவையில்லை. மெல்ல மெல்லக் குறைகிற மாதிரி வைக்கலாம்.

## அப்படியானால் எதில் கையெழுத்து

கோவை நகருக்குள் இருக்கும் பெரிய மில் நிலம் என்றால்: பட்டறைக் கூடமும் பயிற்சியும் பெரும்பகுதி, வீட்டு வசதி வாரியத்தின் வாடகை வீடு ஒரு பகுதி, மரத்தோடு மைதானம் ஒரு பகுதி. கட்டத் தொடங்கும் முன் ரோடும் மழைநீர் வடிகாலும். இப்போதுள்ள தொழிலாளிக்கு, பயிற்சி முடிந்து வேலை கிடைக்கும்வரை முழுச் சம்பளம், பாக்கியோடு. ஐம்பதைத் தாண்டியவருக்குப் பயிற்சி வேண்டாம், ஓய்வு வயதுவரை கணக்குப் போட்டு மொத்தத் தொகை கொடுத்துவிடுங்கள்.

உங்கள் வீட்டில் மில் தொழிலாளி இருந்து, ஓய்வுக்கு மூன்று நாலு வருஷம்தான் பாக்கி என்றால், முதல் மனுவில் கையெழுத்துப் போடுவதை நான் தப்பு சொல்ல மாட்டேன். அவருக்குக் காலம் இல்லை. பட்டதாரிப் பிள்ளை பெங்களூரில் இருக்கிறான் என்பவர் ஐடி பார்க் மனுவில் போடுவதும் புரிகிறது. ஏல மனுவில் மட்டும் தயவுசெய்து யாரும் போடாதீர்கள்.

போட்டேயாக வேண்டிய நிலை வந்தால், தாளை வாங்கி "விற்பனை" என்று வருகிற இடத்திலெல்லாம் அடித்துவிட்டு "முப்பது ஆண்டுக் குத்தகை" என்று எழுதச் சொல்லுங்கள். மூன்றில் ஒரு பங்கு என்று எங்காவது இருந்தால் பக்கத்தில் "கட்டடம் உள்ள நிலத்தையும் சேர்த்து" என்று எழுதுங்கள். பக்கத்து வீட்டு அக்கா நேற்று போய் ஏல மனுவைத் திரும்பக் கேட்டிருக்கிறார். கொடுக்க மாட்டேன் என்றார்களாம். தன் பெயருக்கு எதிரே "குத்தகைக்கு மட்டும்" என்று பேனாவால் எழுதிவிட்டு வந்திருக்கிறார்.